ஹஜ்ஜுக்குப் போகும் பெண்களுக்கு, துஆ புத்தகத்தில் இல்லாதவை

ஹஜ்ஜுக்குப் போகிற பெண்ணுக்கு என்ன தயாரிப்பு வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு துஆ புத்தகம் கைக்கு வரும். அடுத்து ஒரு பெரிய பெட்டி வரும். அந்தப் பெட்டியில் போட ஊறுகாய், இடியாப்ப மாவு, பருப்புப்பொடி என்று ஆளாளுக்குக் கொண்டு வந்து தருவார்கள். துஆவும் வேண்டும், ஊறுகாயும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே நிறைய விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. கால், முழங்கால், மாதவிடாய், கழிப்பறை, பணம், கைபேசி... இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? பயிற்சி முகாமில் பேசுகிற ஹஜ்ரத் ஆண். எழுந்து சந்தேகம் கேட்கிறவர்களும் ஆண்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களில் யார் எழுந்து நின்று மாதவிடாய் பற்றிக் கேட்கப் போகிறார்கள்? சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்பார்கள். அந்தச் சீட்டைக் கொண்டு போய்க் கொடுப்பதும் ஒரு ஆண்தான்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் என் உம்மா. வாப்பா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. இருவரும் சேர்ந்து போவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை உம்மா தொடவே இல்லை. இப்போது உம்மாவுக்கு 53 வயது. சர்க்கரை உண்டு, இடது முழங்காலில் வலி உண்டு. மதுரைக்குக்கூடத் தனியாகப் பேருந்தில் போனதில்லை. எங்கள் தெருவில் இருக்கும் மூன்று பெண்களோடு சேர்ந்து, மஹ்ரம் இல்லாமல் போகும் பெண்கள் பிரிவில் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்துவிட்டது. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. யாரும் கூடப் போக முடியாது. கூடப் போக முடியாதவள் முன்கூட்டியே செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக உம்மாவைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

மஹ்ரம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வந்த பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். இந்திய ஹஜ் கமிட்டி 2018 ஹஜ்ஜிலிருந்து 45 வயதைத் தாண்டிய பெண்கள் மஹ்ரம் இல்லாமல் குழுவாகப் போக அனுமதித்தது. அப்போது குறைந்தது நான்கு பேர் சேர வேண்டும் என்பது விதி. 2022 அக்டோபரில் சவூதி ஹஜ் அமைச்சரே, எந்த நாட்டிலிருந்து வரும் பெண்ணுக்கும் மஹ்ரம் கட்டாயம் இல்லை என்று அறிவித்தார். மார்க்க ரீதியாகவும் இது நேற்று முளைத்த கருத்து இல்லை. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களின் கூட்டம் துணை இருந்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பழைய சட்டம். எங்கள் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் ஷாஃபிஈதான். ஹனஃபி மத்ஹபில் கணவரோ மஹ்ரமோ வேண்டும் என்பார்கள். அவரவர் தங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆனால் சொந்தத்தில் ஒரு பெரியவர், "புருசன் இல்லாத பொம்பளைக்கு என்ன அவசரம்?" என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. உம்மா சிரித்துக்கொண்டே, "அவசரம் எனக்கில்ல காக்கா, முழங்காலுக்கு" என்றார்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கணவர் இறந்து இத்தாவில், அதாவது அந்த நான்கு மாதம் பத்து நாளில் இருக்கும் பெண் ஹஜ்ஜுக்குக் கிளம்பக் கூடாது. விண்ணப்பித்த பிறகு இப்படி நேர்ந்தவர்கள் உண்டு. அப்போது பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே கமிட்டிக்குத் தெரிவித்து ரத்து செய்வதுதான் வழி.

இனி நடை. ஹஜ் என்பது நடை என்று போய் வந்த எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் எவ்வளவு நடை என்று யாரும் கணக்காகச் சொல்வதில்லை. ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடந்தால் மட்டும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். தவாஃப் கீழே கஅபாவை ஒட்டிச் செய்தால் சுற்று சிறியது. கூட்டத்தால் மேல்தளத்துக்கு அனுப்பிவிட்டால் அதே ஏழு சுற்று பல மடங்கு நீளும். மினாவிலிருந்து அரஃபா சுமார் 14 கிலோமீட்டர். அதற்கு வாகனம் உண்டு என்றாலும், கூடாரத்திலிருந்து வாகனம் நிற்கும் இடத்துக்கும், மினாவில் கல்லெறியும் ஜம்ராத்துக்குப் போய் வரவும் நடந்தே ஆக வேண்டும். கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மக்காவின் அஸீஸியா பகுதியில்தான் தங்குமிடம். அங்கிருந்து ஹரமுக்குப் பேருந்து உண்டு. ஹஜ் நாட்கள் நெருங்கும்போது அந்தப் பேருந்தும் சில நாட்கள் நின்றுவிடும்.

எங்கள் ஊர்ப் பெண்கள் உழைக்காதவர்கள் இல்லை. விடியற்காலையில் எழுந்து இரவுவரை நின்றுகொண்டே இருப்பார்கள். ஆனால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடக்கிற நடை வேறு, நிற்காமல் ஒரு மணி நேரம் நடப்பது வேறு. உம்மாவை மூன்று மாதத்துக்கு முன்பே ஃபஜ்ருக்குப் பிறகு நடக்கக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். முதல் வாரம் பதினைந்து நிமிடம். இப்போது ஒரு மணி நேரம். மக்காவில் போடப் போகிற அதே செருப்பைப் போட்டு, அதே உடையில் நடக்க வேண்டும் என்பது முக்கியம். புதுச் செருப்பை மக்காவில் பிரிப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. இப்படி நடந்ததில்தான் இன்னொரு விஷயமும் தெரிந்தது. வெயிலில் வியர்த்தால் தொடை உரசிப் புண்ணாகிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பெண்கள் இதை மறைத்துக்கொண்டு காலை அகட்டி நடக்கிறார்கள். உள்ளே முழங்கால் வரை வரும் பருத்திக் கால்சட்டையும் வாசனையில்லாத வாஸ்லினும் போதும். எட்டு நாள் வேதனை மிச்சம்.

சர்க்கரை இருக்கிறவர்கள் வெறுங்காலோடு ஹரமின் வெளி முற்றத்தில் நடக்கவே கூடாது. கஅபாவைச் சுற்றியுள்ள வெள்ளைப் பளிங்கு சூடேறாது. அதை நம்பி வெளியே வந்தால் தரை சுட்டுவிடும், மரத்துப்போன பாதத்துக்குச் சுட்டதே தெரியாது. பெண்கள் இஹ்ராமில் சாக்ஸ் போடலாம், அதற்குத் தடை இல்லை. தடித்த சாக்ஸ் நாலு ஜோடி வாங்கியிருக்கிறோம். செருப்பைத் தோளில் மாட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் விட்டுவிட்டு அதே வாசலுக்கே திரும்பி வருவோம் என்று நம்பக் கூடாது.

அடுத்து எஸ்கலேட்டர். சிரிக்காதீர்கள். ஹரமிலும் ஜம்ராத்திலும் எஸ்கலேட்டர்கள் உண்டு. பின்னால் நூறு பேர் நெருக்கும்போது முதல் முறையாக அதில் கால் வைப்பது, அதுவும் தரையைத் தொடும் புர்காவோடு, ஆபத்து. உம்மாவையும் கூடப் போகும் மூன்று பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு துணிக்கடைக்குக் கூட்டிப் போனேன். ஒன்றுமே வாங்காமல் பதினொரு முறை ஏறி இறங்கினோம். காவலாளி சந்தேகமாகப் பார்த்தார். ஆறாவது முறைக்குப் பிறகு மாமி ஒருவர் என் கையை விட்டுவிட்டார். புர்காவைக் கணுக்கால் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவானது.

உடையைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. பெண்களுக்கு இஹ்ராமுக்கென்று தனி உடை கிடையாது. வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உடலை மறைக்கிற, தளர்வான, வழக்கமான உடை போதும். முகத்திரையும் கையுறையும் இஹ்ராமில் கூடாது. கடைகளில் ‘பெண்கள் இஹ்ராம்’ என்று ஒரு தலைக்குல்லாய் விற்கிறார்கள். முடி வெளியே வராமல் இருக்க உதவும், அவ்வளவுதான். அதைக் கழற்றினால் இஹ்ராம் போய்விடும் என்று நினைத்து ஒளு செய்யும்போது குல்லாய்மீதே ஈரக்கையால் தடவிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த ஒளு எப்படிச் சேரும்? சேலை கட்டியே பழகியவர்கள் இரண்டு மாதம் முன்பே சுடிதாருக்கு மாறிவிடுவது நல்லது. மினாவின் கழிப்பறையில், கீழே முழுக்க ஈரம், கதவில் ஒரு கொக்கிகூட இல்லாத இடத்தில் ஐந்தரை மீட்டர் சேலையை என்ன செய்வது? கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பை, ஒரு ‘எஸ்’ கொக்கி. நாற்பது ரூபாய்ச் சமாசாரம், ஆனால் போய் வந்த பெரியம்மா முதலில் சொன்னது அதைத்தான்.

கழிப்பறை என்றதும் முக்கியமான ஒன்று. போய் வந்த பெண்கள் சிலரிடம் தனியாகப் பேசினேன். எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: அரஃபாவுக்கும் முஸ்தலிஃபாவுக்கும் போகும்போது தண்ணீரைக் குறைத்துவிட்டார்களாம். வரிசையில் நிற்க வேண்டுமே என்று. முஸ்தலிஃபா திறந்த வெளி. இரவு முழுக்க அங்கேதான். கழிப்பறை முன்னால் நீளமான வரிசை. ஆகவே குடிக்காமல் இருந்துவிடுவது. ஆண்களும் வரிசையில் நிற்கிறார்கள்தான், ஆனால் அவர்கள் வரிசை வேகமாக நகர்கிறது. இப்படித் தாகத்தை அடக்கியவர்களுக்கு நீர்க்கடுப்பு, தலைச்சுற்றல், மயக்கம். 2024 ஜூன் மாத ஹஜ்ஜில் மக்காவில் வெயில் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, தங்க இடமின்றி வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள். அனுமதியோடு போகிறவர்களுக்குக் கூடாரமும் குளிர்சாதனமும் உண்டு என்றாலும், குடிக்காத தண்ணீரை அவர்களுக்காக யாரும் குடித்துவிட முடியாது. உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருபது, ஒரு குடை, முகத்தில் தெளிக்க ஒரு சின்னக் குப்பி. தண்ணீரைக் குறைக்க மாட்டேன் என்று உம்மாவிடம் சத்தியமே வாங்கியிருக்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும். மக்காவில் இருமல் வராத ஹாஜியே கிடையாது என்பார்கள். ஒளு முறிந்துவிட்டதோ என்று தவித்துத் தவித்தே தவாஃபைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே பெண் மருத்துவரிடம் சொன்னால் இடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லித் தருவார். உறிஞ்சும் பேடு வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து கசிகிறவர்களுக்கு மார்க்கத்திலும் சலுகை உண்டு. அதை ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் மனம் நிம்மதியாக இருக்கும்.

மாதவிடாய். சட்டம் உண்மையில் எளிது. ஆயிஷா (ரலி) அவர்களுக்கே நபி (ஸல்) அவர்களோடு ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஸரிஃப் என்ற இடத்தில் மாதவிடாய் வந்தது. அழுதுகொண்டிருந்தவர்களிடம், தவாஃப் தவிர ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்யலாம் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். அரஃபாவில் நிற்கலாம், முஸ்தலிஃபாவில் தங்கலாம், கல்லெறியலாம், துஆ கேட்கலாம். கடைசியில் செய்யும் விடைபெறும் தவாஃப் மாதவிடாய்ப் பெண்ணுக்குத் தேவையே இல்லை. சிக்கல் ஒன்றில்தான் வரும். அரஃபாவுக்குப் பிறகு செய்யும் கடமையான தவாஃப். அது இல்லாமல் ஹஜ் நிறைவேறாது. சுத்தமாவதற்குள் விமானம் கிளம்பும் தேதி வந்துவிட்டால்?

இங்கேதான் என் படிப்பு உதவியது. துல்ஹஜ் 8 முதல் 13 வரை ஆங்கிலத் தேதி என்ன, மக்கா போய்ச் சேரும் நாள் எது, திரும்பும் நாள் எது என்று ஒரு அட்டவணை போட்டேன். அதற்குப் பக்கத்தில் ஒவ்வொருவருடைய கடைசி ஆறு மாதத் தேதிகள். நால்வரில் இருவருக்கு நின்றுவிட்டது. உம்மாவுக்கும் ஒன்றரை வருடமாக இல்லை. நான்காவது அக்காவுக்கு 47 வயது, இரண்டு மாதம் வராது, மூன்றாவது மாதம் பதினைந்து நாள் போகும். இந்த வயதுக்காரர்கள்தான் அதிகம் போகிறார்கள், இவர்களுக்குத்தான் கணக்குப் பிடிபடாது. தள்ளிப்போடும் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. இரத்தக் கொதிப்பு, ஒற்றைத் தலைவலி, காலில் இரத்தம் உறைந்த வரலாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகலாம். மாத்திரை போட்டும் திட்டுத் திட்டாகக் கசிகிறவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, ஊரில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நின்றுவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே போய் இரத்தம் பட்டால் அது என்ன என்று மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்க வேண்டும். நின்ற பிறகு வருவதை இங்கேயே காட்டிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்களுக்கு இன்னொரு கவலை. அந்நிய ஆணின் தோல் பட்டாலே ஒளு முறியும் என்பது நாம் படித்த சட்டம். தவாஃப் கூட்டத்தில் படாமல் நடக்க முடியுமா? இந்த ஒரு விஷயத்தில் ஹனஃபி சட்டத்தைப் பின்பற்றலாம் என்று ஆலிம்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். அதை முறைப்படி கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முழுக்கை உடையும் சாக்ஸும் இதற்கும் உதவும். ஸஃபா மர்வாவில் பச்சை விளக்குக்கு நடுவே ஆண்கள் ஓடுவார்கள், பெண்கள் ஓட வேண்டியதில்லை. கூடவே ஓடி விழுந்தவர்கள் உண்டு.

ஜனாஸா தொழுகையையும் கற்றுக்கொண்டு போக வேண்டும். ஹரமில் அநேகமாக ஒவ்வொரு கடமையான தொழுகைக்குப் பிறகும் ஜனாஸா தொழுகை நடக்கும். நம் ஊரில் பெண்கள் அதைத் தொழுததே இல்லை. ருகூவும் இல்லை, ஸஜ்தாவும் இல்லை, நான்கு தக்பீர், அவ்வளவுதான். வீட்டிலேயே தனியாகத் தொழுது பழகியவர்கள், ஜமாஅத்தில் இரண்டாவது ரக்அத்தில் போய்ச் சேர்ந்தால் எப்படி முடிப்பது என்பதையும் படித்துக்கொள்ள வேண்டும். உம்மாவுக்குத் தம்பி இமாமாக நின்று சொல்லிக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நின்று நான் பார்த்ததில்லை :-)

சாமான் பட்டியலில் ஒரு எச்சரிக்கை: கசகசா. நமக்கு அது குருமாவுக்குப் போடுவது. சவூதியில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். ஆகவே அன்பாகக் கொடுக்கிற எந்தப் பொடியையும் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும். பயணம் சுமார் நாற்பது நாள் என்றால் ஐம்பது நாளுக்கு மருந்து, அதில் பாதி கைப்பையில். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். முடி வெட்டச் சின்னக் கத்தரி வேண்டும், விரல் நுனி அளவு வெட்டினால் போதும். அதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள். வாசனை இல்லாத சோப்பு இஹ்ராமுக்காகத் தனியே.

பணம். 2023 முதல் கமிட்டி எல்லாருக்கும் ரியால் எண்ணிக் கொடுப்பதில்லை, நாமே மாற்றிக்கொண்டு போக வேண்டும். உம்மாவின் கையில் இதுவரை மொத்தமாகப் பணம் இருந்ததே இல்லை. வாப்பா இருக்கும்போது வாப்பா, பிறகு மாமா, இப்போது நான். ரியால் நோட்டுகளின் படத்தைத் தாளில் அச்செடுத்து, வாங்குவது விற்பது போல இரவில் விளையாடுகிறோம். உள்ளே ஜிப் வைத்த பை தைத்தாயிற்று. பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கைபேசியில் எங்கள் எண், குழுவினர் எண், இருக்கும் இடத்தை அனுப்புவது, இவ்வளவுதான் பாடம். 2024 முதல் சவூதி அரசு தரும் நுசுக் அட்டை கழுத்தை விட்டு இறங்கவே கூடாது. கட்டட எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். ஹரமின் எந்த வாசலில் நுழைந்தோம் என்பதற்கு எண் இருக்கிறது, அதைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் கடன் தீர்ப்பது நம் வழக்கம். உம்மா ஒரு பட்டியல் சொல்ல, நான் எழுதினேன். மளிகைக்கடை 1,140. பால்காரர் அரை மாதம். பெரியம்மாவிடம் வாங்கிய இரண்டு கிராம் மோதிரம். எப்போதோ பள்ளியில் கூடப் படித்த ஒருத்தியிடம் வாங்கித் திருப்பாத பாவாடை நாடா! அதையும் எழுதச் சொன்னார்கள். பிறகு வரவுப் பக்கம்: யார் யார் தர வேண்டும் என்றேன். "அதெல்லாம் விட்டாச்சு" என்றார்கள். கணக்குப் படிக்கிறவளுக்கு மனசு கேட்கவில்லை, இருந்தாலும் கோடு போட்டு அடித்தேன். வீட்டுப் பத்திரம், காப்பீடு, வங்கி நாமினி, நகை எங்கே என்பதையெல்லாம் உம்மா தானாகவே உட்கார வைத்துச் சொன்னார்கள். திரும்பி வராவிட்டால் என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. சாவியை மட்டும் என் கையில் கொடுத்தார்கள்.

2022இல் நம் மாநில ஹாஜிகள் கொச்சி போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது. 2023இல் சென்னை திரும்பக் கிடைத்தது. அந்தமட்டில் அலைச்சல் மிச்சம். ஸம்ஸம் தண்ணீரைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கமிட்டி ஹாஜிகளுக்குத் திரும்பி வந்து இறங்கும்போது ஆளுக்கு ஐந்து லிட்டர் கேன் கொடுத்துவிடுவார்கள். ஆகவே பெட்டியில் போகும்போதே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். பேரீச்சம்பழம் கேட்டு இதுவரை பதினேழு வீடுகள் உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கின்றன.